கல்லடி மணலில் பொப்பி: ஒரு வீட்டு வளவின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய மணல் துண்டில், ஒரு வீட்டு வளவுக்குள் இந்த வருடம் பொப்பி பூத்தது. செம்மஞ்சள் நிறம், நான்கு இதழ், காலை வெயில் ஏற ஏற விரிந்து பின்னேரம் மூடிக்கொள்கிற பூ. அதற்கு முன்னால் அதே வளவில் அதே விதை இரண்டு பருவம் வீணாய்ப் போயிருந்தது. ஏன் போனது, பிறகு ஏன் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குளிர் நாட்டுப் பூவை எங்கள் கரையில் முளைக்க வைக்க ஆசைப்படுகிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் ஒரு பக்கற் விதையோடு மனம் விட்டு விடுகிறார்கள், விதை பழுது என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். இந்த வளவிலும் அப்படித்தான் தொடங்கியது.

வீட்டுக்காரி ஒரு ஆசிரியை, பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் அக்கா, நானும் அப்படியே சொல்கிறேன். சித்திரை விடுமுறையில் குடும்பமாக நுவரெலியா போயிருக்கிறார்கள். ஏப்ரல் மாதம் அங்கே பூக்கள் நிறைந்து கிடக்கும், கிழக்கிலிருந்து வான் பிடித்துப் போகாத குடும்பம் குறைவு. அங்கே பொப்பியைக் கண்டு மனம் பறிகொடுத்து இரண்டு பக்கற் விதை வாங்கி வந்தார். ஒன்று ஷெர்லி பொப்பி, மற்றது கலிபோர்னியா பொப்பி. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் குணத்தில் தூரம். இந்த வித்தியாசம் கடைசி வரைக்கும் முக்கியம், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஷெர்லி என்பது ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் களையாக முளைக்கிற சிவப்புப் பொப்பியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஷெர்லி என்ற ஊர்ப் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ், 1880 வாக்கில், வயல் பொப்பிகளுக்குள் இதழின் ஓரம் வெள்ளையாக இருந்த ஒரு பூவைக் கண்டு, அதன் விதையை எடுத்து வருடக்கணக்காகத் தெரிந்து தெரிந்து விதைத்து உண்டாக்கிய வகை. விதை தூசு போல இருக்கும், ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதை. கலிபோர்னியா பொப்பியோ அமெரிக்காவின் மேற்குக் கரைக்காரி, மணலிலும் சரளையிலும் குளிர்கால மழையை நம்பி முளைத்து வெயில் ஏறும்போது பூத்து முடிக்கிற செடி, 1903இல் இருந்து கலிபோர்னியாவின் மாநிலப் பூ. விதை கொஞ்சம் பெரிது, கிராமுக்குச் சில நூறுதான் வரும். மழைக்குப் பின் மணலில் வளர்கிற செடி என்று படித்தவுடனேயே எனக்கு எங்கள் கரைதான் ஞாபகம் வந்தது.

வைகாசி விதைப்பு

ஊருக்கு வந்த கையோடு, மே மாதத்தில், அக்கா விதைத்துவிட்டார். வாசல் பக்கம் ஒரு பாத்தி, அதோடு பழைய பெயின்ற் வாளி ஒன்றுக்கு அடியில் துளை போட்டு அதிலும் கொஞ்சம். காலையும் பின்னேரமும் பூவாளியால் தண்ணீர். ஒன்றும் முளைக்கவில்லை.

மே மாதம் என்றால் எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று தொடங்குகிற காலம். மேற்கே மலையைத் தாண்டி, ஈரத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, காய்ந்து சூடேறி வருகிற காற்று. மத்தியானம் வெறுங்காலோடு வளவு மணலில் நிற்க முடியாது. பொப்பி விதையை மண்ணின் மேலேயே போட வேண்டும், வெளிச்சம் பட்டால்தான் வயல் பொப்பி முளைக்கும், அதாவது விதை இருக்கிற இடம் வளவிலேயே மிகச் சூடான இடம். காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு மேல் மேல்மணலில் இல்லை. பொப்பி விதைகளுக்குப் பிடித்த மண் சூடு 15 பாகை செல்சியஸை ஒட்டியது. எங்கள் மே மாத இரவு கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

இதில் இன்னொரு விஷயம். சூட்டில் முளைக்காத விதை எல்லாம் செத்த விதை என்று அர்த்தம் இல்லை. பொப்பி விதைக்கு உறக்கம் உண்டு. காலம் சரியில்லை என்றால் மண்ணுக்குள் கிடந்து காத்திருக்கும், வயல் பொப்பி விதை வருடக்கணக்கில், பத்து வருடம் அதற்கு மேலும் கூட, மண்ணில் உயிரோடு கிடக்கும். முதலாம் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குண்டு விழுந்து கிளறிய நிலமெல்லாம் சிவப்பாய்ப் பூத்தது இதனால்தான், ஆழத்தில் உறங்கிக் கிடந்த விதை மேலே வந்து வெளிச்சம் பட்டதும் முளைத்தது. இறந்த படைவீரர்களின் நினைவுப் பூவாக அது ஆனதும் அதன் பிறகுதான்.

சரி, அக்காவுக்கு அப்போது இது தெரியாது. பாத்தியைக் கிளறி மிளகாய்க் கன்று வைத்துவிட்டார். வாளியைக் குசினிக்குப் பின்னால், வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் தள்ளி வைத்தார். அந்த வாளியை யாரும் கொட்டவில்லை என்பது இந்த முழு விஷயத்திலும் பெரிய அதிர்ஷ்டம்.

மாரி விதைப்பு

எங்கள் பக்கத்தில் வீட்டுத்தோட்டம் என்றாலே மாரியோடுதான். கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி எல்லாம் முதல் மழையோடு போடுவார்கள், அதனால் பொப்பியையும் நவம்பரில் போட்டது இயல்பான யோசனை. ஆனால் மட்டக்களப்பில் வருடம் முழுவதும் பெய்கிற மழை 1,600 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டி முடிகிறது, நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம். 1978 நவம்பர் 23 சூறாவளியை எங்கள் வீடுகளில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்படி ஒரு காலத்தில் தூசு அளவு விதையை மணலின் மேல் தூவினால் என்ன ஆகும்? ஒரு பெருமழை போதும். கொஞ்சம் வேலியோரம் போய் ஒதுங்கும், கொஞ்சம் மழைத்துளி அடித்துக் கிளப்பிய மணலுக்குள் புதையும், புதைந்த ஷெர்லி விதைக்கு வெளிச்சம் இல்லை.

அதையும் தாண்டி ஒரு மூலையில் தலைமயிர் போலச் சில நாற்று வந்திருக்கிறது. இரண்டு மூன்று இரவுக்குள் அவையும் போய்விட்டன. நத்தை என்று அக்கா சொன்னார், அது சரியாக இருக்கலாம், மாரியில் பெரிய ஆபிரிக்க நத்தை இந்தப் பக்கம் எந்த இளம் தளிரையும் விட்டு வைப்பதில்லை. அந்த மூலையில் வழுவழுப்பான தடமும் இருந்தது.

நான் அந்த வளவுக்குப் போனது இதற்குப் பிறகு, மார்கழியில், திருவெம்பாவை நாட்களில். வீட்டுத்தோட்டம் சம்பந்தமாக இடைக்கிடை ஆட்கள் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். உண்மையில் கூப்பிட்டது மிளகாயில் இலைச்சுருட்டல் பார்க்க. பேச்சோடு பேச்சாகப் பொப்பிக் கதையும் வந்தது.

"இஞ்ச பாருங்க தம்பி, காசு குடுத்து வாங்கின விதை. ஒண்டு கூட உருப்படியில்ல. பழைய விதைய தந்து ஏமாத்திப் போட்டாங்க."

குசினிப் பக்கம் கை கழுவப் போனபோதுதான் அந்த வாளியைக் கண்டேன். அதற்குள் சாம்பல் பூத்த பச்சையில், கரட் இலை மாதிரிக் கீறிக் கீறி, ஏழெட்டு இளம் செடி. அக்கா அதைப் புல்பூண்டு என்று நினைத்திருந்தார், பிடுங்க நேரம் கிடைக்காமல் விட்டிருந்தார். அடியில் வித்திலை, அதாவது விதையிலிருந்து முதலில் வருகிற இலை, இன்னும் காயாமல் இருந்ததால் அது எது என்பதில் சந்தேகமே இல்லை: கலிபோர்னியா பொப்பியின் வித்திலை இரண்டும் ஒவ்வொன்றும் நுனியிலிருந்து ஆழமாகப் பிளந்து கவர் போல இருக்கும், நான்கு இலை முளைத்தது போலத் தெரியும். எங்கள் வளவுகளில் தானாக முளைக்கிற களைகளில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மே மாதம் போட்ட விதை, ஏழு மாதம் உறங்கிக் கிடந்து, யாரும் தண்ணீர் ஊற்றாமல், மார்கழியில் முளைத்திருக்கிறது.

அந்த வாளி எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தது. விதை நல்ல விதை, கடைக்காரர் மேல் பிழை இல்லை. வடக்குப் பக்கம் என்பதால் மார்கழியில் நேர் வெயில் கிடையாது, மண் குளிர்ந்து இருந்தது. கூரை நீட்டு இருந்ததால் மழை நேரே அடிக்கவில்லை, சாரல் மட்டும் பட்டு ஈரமாக இருந்தது. அடியில் துளை இருந்ததால் தண்ணீர் தேங்கவில்லை. உரம் ஒன்றும் போடாத வெறும் மணல். உயரமான வாளி என்பதால் நத்தையும் கோழியும் எட்டவில்லை. இந்த ஐந்தையும் பாத்தியில் கொண்டுவர முடிந்தால் பொப்பி வரும் என்று அக்காவிடம் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, மிளகாயை மறந்துவிட்டார்.

தை விதைப்பு

மிஞ்சிய விதை இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு பக்கற்றை மடித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார், பழுதாகாமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தார், ஆனால் அதனால் இன்னொரு நன்மையும் உண்டு. குளிர் பட்ட விதை உறக்கம் கலையும். அதனால் விதைப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் விதையை ஈர மணலோடு பிசறி மறுபடி அதே பெட்டியில் வைத்தோம், உறைய விடாமல், கீழ்த்தட்டில்.

ஜனவரியின் முதல் பாதியில் விதைத்தோம். அடைமழை தணியத் தொடங்குகிற காலம், வாடைக்காற்றும் குளிரும் இன்னும் இருக்கிற காலம். எங்கள் வருடத்தில் இரவு மிகக் குளிர்வது இந்த நாட்களில்தான், குளிர் என்றாலும் 22, 23 பாகையை ஒட்டித்தான், பொப்பிக்கு அது போதுமான குளிர் இல்லை, ஆனால் எங்களிடம் இருக்கிறதில் அதுதான் நல்லது. இதையும் முழுதாக நம்ப முடியாது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்தன, மாரி முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில்தான் அது வந்தது. ஆகவே பாத்தியை ஒரு சாணுக்கு மேல் உயர்த்தினோம், நான்கு கமுகந்தடி நட்டு மேலே கண்ணாடிப் பொலித்தீன் கட்டினோம், பக்கங்களைத் திறந்தே விட்டோம். பக்கத்தை மூடினால் உள்ளே வெக்கை பிடித்துவிடும், அப்புறம் பூஞ்சைக்கு வேறு இடம் தேவையில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பாத்தியை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியில் அக்கா விருப்பப்படி நன்றாக மக்கிய ஆட்டெருவும் கூட்டெருவும். மறு பாதியில் மணல், அதோடு ஈரம் பிடிக்க மட்டும் கொஞ்சம் தும்புத்தூள், தும்புத்தூளை முதலே இரண்டு தண்ணீரில் கழுவிப் பிழிந்துவிட்டோம், அதில் உப்பு இருக்கும். இரண்டு பாதியிலும் இரண்டு வகையும் விதைத்தோம். கீரை விதைக்கிற மாதிரியேதான், விதையைக் காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் விழாது. ஷெர்லியை மேலே தூவிக் கையால் மெல்ல அமத்தி விட்டதோடு சரி. கலிபோர்னியாவுக்கு மேல் மட்டும் மெல்லிய மணல் போர்வை, நெல்மணியின் தடிப்புக்கு மேல் இல்லை. சுற்றி அரிசிக் குறுணல் தூவினோம், எறும்பு அதை இழுத்துக்கொண்டு விதையை விடும். இந்தப் பக்கம் எறும்பு கொண்டுபோன விதைதான் பலருக்கு முளைக்காத விதை.

தண்ணீர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரைத் துண்டில் கிணறுகளில் மணலுக்குக் கீழே நன்னீர் மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. மாரியில் நல்ல தண்ணீர், கோடையில் சில கிணறுகளில் உவர் ஏறும். முளைக்கிற பொப்பிக்கு உவர் ஆகாது. மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதையே தெளித்தோம், பூவாளியால் கூட இல்லை, சலவைக்குத் தெளிக்கிற போத்தலால். விதை அசையக் கூடாது.

இரண்டு கிழமைக்குள் முளைத்தது. இரண்டு வகையும், இரண்டு பாதியிலும். அக்கா எனக்குப் படம் அனுப்பினார், பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார்.

அப்புறம்தான் வித்தியாசம் தெரியத் தொடங்கியது. ஆட்டெரு போட்ட பாதியில் ஷெர்லி நாற்று பச்சைப் பாய் விரித்தது போல அடர்ந்து வந்தது, பார்க்க மிக அழகு, ஒரு மந்தாரமான வாரத்துக்குள் வட்டம் வட்டமாகச் சாய்ந்து போனது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் நூல் போலச் சுருங்கிக் கறுத்திருந்தது. நாற்று அழுகல், பித்தியம் போன்ற, பூஞ்சணத்தை ஒத்த நுண்ணுயிர்கள் செய்கிற வேலை, கத்தரி மிளகாய் நாற்றுமேடையில் எல்லாரும் கண்ட நோய்தான். நெருக்கம், ஈரம், எருவின் செழிப்பு, காற்றோட்டக் குறைவு நான்கும் சேர்ந்தால் அது வந்தே தீரும். வெறும் மணல் பாதியில் இது மிகக் குறைவு. அங்கே நாற்றைச் சிறிய கத்தரிக்கோலால் நறுக்கி இடைவெளி விட்டோம். பிடுங்கவில்லை, பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

வேர் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் நாற்று நட்டுப் பழகிய ஆட்கள். பொப்பிக்கு ஆணிவேர் ஒன்று, சின்ன வயதிலேயே ஆழம் போகும், அதைத் தொட்டால் செடி மன்னிக்காது. அக்காவின் மகள் ஆசைப்பட்டுச் சில செடிகளைப் பெயர்த்துச் சாடியில் வைத்துப் பார்த்தாள், ஒரு கிழமைக்குள் எல்லாம் வாடிப்போயின. பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடி இல்லாத கிண்ணம் போலச் செய்து அதில் விதைத்து, தாளோடு அப்படியே மண்ணில் இறக்கியவை மட்டும் பிழைத்தன. சாடியில்தான் வேண்டும் என்றால் முதலிலேயே சாடியில் விதையுங்கள், ஆழமான சாடியாக.

பூவும் முடிவும்

மார்ச் தொடங்கும்போது கலிபோர்னியா மொட்டு விட்டது. மொட்டின் மேல் கூம்புத் தொப்பி போல ஒரு மூடி இருக்கும், பூ விரியும்போது அதைத் தள்ளிக் கழற்றிவிடும், பிள்ளைகள் காலையில் அதைப் பார்க்கவென்றே வந்து நின்றார்கள். செடி பக்கற் படத்தில் இருந்ததை விடக் குட்டை, முழங்காலுக்குக் கீழே. ஆனால் பூ முழுப் பூ. வெறும் மணல் பாதியில்தான் அதிகம் பூத்தது, எருப் பாதியில் இலை மண்டியது, பூ பிந்தியும் குறைவாகவும் வந்தது. இந்தச் செடிக்கு ஏழை மண்ணே போதும் என்று எல்லாப் பூந்தோட்டக்காரர்களும் சொல்வார்கள், அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஆட்டெரு போடாத பாத்தியைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு மனம் கேட்காது, அக்காவுக்கும் கேட்கவில்லை, மார்ச் நடுவில் அவரே வந்து "இனி எரு வேண்டாம்" என்றார்.

ஷெர்லியின் கதை வேறு. மணல் பாதியில் தப்பிய செடிகளில் ஒன்றிரண்டு மட்டும் மெலிந்த தண்டில் சின்னச் சிவப்புப் பூ விட்டன, காலையில் விரிந்து மத்தியானத்துக்கு முன் இதழ் கொட்டிவிட்டது. மற்றவை இலைக்கொத்தாகவே கிடந்து, வெயில் ஏறியதும் மஞ்சளாகிப் போயின. சூடு ஒரு காரணம். பகல் நீளம் இன்னொன்று. வயல் பொப்பி பகல் நீள நீளப் பூக்கத் தூண்டப்படுகிற செடி. இலண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணித்தியாலத்தைத் தாண்டும். மட்டக்களப்பில் வருடம் முழுவதும் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கும், அரை மணித்தியாலம் கூடும் குறையும், அவ்வளவுதான். அந்த நீண்ட பகலை நாங்கள் எந்த மாதத்திலும் கொடுக்க முடியாது. என் முடிவு தெளிவானது: எங்கள் கரையில் ஷெர்லிக்காகக் காசும் காலமும் செலவழிக்க வேண்டாம், கலிபோர்னியாவைப் போடுங்கள்.

சித்திரை வருடப்பிறப்போடு கலிபோர்னியாவும் ஓய்ந்தது. வெயில் தாங்காமல் ஓய்ந்தது என்று அக்கா கவலைப்பட்டார். தன் சொந்த ஊரிலும் அது கோடை ஏறியதும் காய்ந்து விதையாகிற செடிதான், எங்கள் கோடை கொஞ்சம் முந்தி வந்தது, அவ்வளவே.

அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்வி

பூத்த நாட்களில் வேலிக்கு வெளியே ஒரு பேச்சு ஓடியது, "ரீச்சர் வீட்டில அபின் செடி வளர்க்கினமாம்" என்று. இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. அபின் பொப்பி தனி இனம். இலங்கையில் அதை வளர்ப்பது நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம், 1929இல் இருந்தே இருக்கிற சட்டம். ஆகவே எது எது என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அபின் பொப்பியின் இலை அகலமானது, மெழுகு பூசியது போல நீலம் கலந்த சாம்பல் பச்சை, காம்பு இல்லாமல் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும், காய் கிரீடம் வைத்த உருண்டை. கலிபோர்னியாவின் இலை நூல் நூலாகக் கீறியது, காய் பயற்றங்காய் போல ஒடுங்கி நீண்டது. அதில் அபின் கிடையாது. ஷெர்லியின் இலை பல்லுப் பல்லாக, மயிர் அடர்ந்தது, தண்டிலும் சுணை இருக்கும். அக்கா இரண்டின் படத்தையும் அச்சடித்து வேலியில் கட்டிவிட்டார், கேட்டவர்கள் பார்த்துவிட்டு விதை கேட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் கடித உறைக்குள் விதை அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலண்டனில் கலவைப் பக்கற்றுகளில் அபின் பொப்பியின் அலங்கார வகையும் கலந்திருக்கலாம், அங்கே அது பூச்செடி, இங்கே அது வழக்கு. அதோடு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி வெளியிலிருந்து விதை கொண்டுவர அனுமதி வேண்டும். நோயும் களையும் அப்படித்தான் நாட்டுக்குள் வருகிறது.

களை என்றதும் ஒன்று. பொப்பிக் குடும்பத்தில் ஒரு செடி எங்கள் வரண்ட வலயத்தில் ஏற்கெனவே தானாக வளர்கிறது, பிரமதண்டு. மஞ்சள் பூ, முள் இலை, உடைத்தால் மஞ்சள் பால். மெக்சிகோவிலிருந்து வந்து உலகம் முழுக்கப் பரவிய களை. பூ அழகு என்று அதை வளவுக்குள் கொண்டுவர வேண்டாம். அதன் விதை கடுகு போலவே இருக்கும், கடுகெண்ணெயில் அது கலந்தால் உடம்பு வீங்கி இதயம் பாதிக்கிற நோய் வரும், 1998இல் டெல்லியில் அப்படிப் பலர் இறந்தார்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது தேவையே இல்லை.

மற்ற இடங்களுக்கு

கல்லடி மணலில் வந்ததால் எல்லா இடத்திலும் இதே போல வரும் என்று சொல்ல மாட்டேன். நாவற்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரம் முழுவதும் மணல், அங்கே இந்த முறை பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கடலுக்கு நேர் எதிரே உள்ள வளவென்றால் வாடைக்காற்றோடு உப்புச் சாரல் வரும், கிழக்குப் பக்கம் கிடுகு கட்டி மறையுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உள்ளூர்களிலும் மண் வயல் மண், களி கலந்தது, மாரியில் ஊறிக் கிடக்கும். அங்கே பாத்தியை நம்ப வேண்டாம், ஆழமான வாளியில் ஆற்றுமணல் முக்கால் பங்கு போட்டு விதைப்பதுதான் நல்லது. அக்காவின் வாளியே அதற்கு வழி காட்டிவிட்டது.

விதை எடுக்கிற விஷயத்தில் கவனம் தேவை. கலிபோர்னியாவின் காய் முற்றிக் காய்ந்ததும் படாரென்று இரண்டாக வெடித்து விதையைத் தூர எறியும். காய் பச்சை மாறி வைக்கோல் நிறம் தொடங்கும்போதே வெட்டி, கடதாசிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டித் தொங்கவிட வேண்டும், பொலித்தீன் பை வேண்டாம், வியர்க்கும். அக்கா எடுத்த விதை இப்போது சாம்பலோடு சேர்த்து மூடிய போத்தலில், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. குட்டையாக வளர்ந்து முதலில் பூத்த செடிகளில் இருந்து எடுத்ததைத் தனியாகக் குறித்து வைக்கச் சொன்னேன். எங்கள் சூட்டில் முந்திப் பூத்த செடியின் பிள்ளைகள் அடுத்த தையில் இன்னும் கொஞ்சம் முந்திப் பூக்குமா என்று பார்க்க வேண்டும், பாதிரியார் வில்க்ஸ் செய்ததும் இதே வேலைதான். பாத்தியில் இப்போது சீனியாவும் வாடாமல்லியும் நிற்கின்றன, கச்சான் காற்றுக்கு அஞ்சாதவை. பொலித்தீன் கூரையைக் கழற்றிவிட்டு கமுகந்தடிகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறோம், மார்கழி கடைசியில் மறுபடி கட்ட வேண்டும்.